பல பிளாக்செயின்களின் தரவை ஏஐ ஏஜெண்டுக்குத் திறந்துவிடுவது: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் நான்கு பேர் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க வாடிக்கையாளர் பேஸ் என்ற பிளாக்செயினில் யுஎஸ்டிசி (டாலர் மதிப்பை ஒட்டிய டிஜிட்டல் காயின்) அனுப்புகிறார். சிங்கப்பூர்க்காரர் பாலிகானில் அனுப்புகிறார். துபாயில் இருப்பவருக்கு டிரானில் யுஎஸ்டிடி என்ற இன்னொரு டாலர் காயினை அனுப்பித்தான் பழக்கம். இன்னொருவர் சொலானா. மாதக் கடைசியில் ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு தாள்தான்: எந்தத் தேதி, யாரிடமிருந்து, எவ்வளவு, அன்றைய ரூபாய் மதிப்பு என்ன. அந்தத் தாளுக்காக நான்கு எக்ஸ்ப்ளோரர்களை (செயினின் பதிவுகளைக் காட்டும் இணையதளங்களை) திறந்து வைத்து ஒவ்வொரு வரியாகக் காப்பி பண்ண வேண்டியிருக்கிறது.

இந்த வேலையை ஏஐ ஏஜெண்டிடம், அதாவது டூல்களை அழைத்து வேலை செய்யும் மொழி மாடலிடம், தாராளமாக விடலாம். ஆனால் மொழி மாடலுக்குத் தானாக இன்றைய இருப்பு எதுவும் தெரியாது. சும்மா கேட்டால் நம்பும்படியாக ஒரு எண்ணைச் சொல்லிவிடவும் கூடும். செயின்களைப் பார்ப்பதற்கு வழியை நாம்தான் போட்டுத் தர வேண்டும்.

நான் இதில் விடாப்பிடியாக இருப்பது மூன்று விஷயங்களில். ஏஜெண்டுக்குப் படிக்க மட்டுமே அனுமதி. அதுவும் நாம் எழுதிய சில டூல்கள் (மாடல் அழைக்கும் சிறு நிரல்கள்) வழியாக மட்டும். கூட்டல் கழித்தல் எல்லாம் கோடின் வேலை, மாடலின் வேலை இல்லை. வாலட்டிலிருந்து பணத்தை எடுக்க உதவும் ரகசியங்களான பிரைவேட் கீயோ சீட் வார்த்தைகளோ இந்த வேலையில் எந்த இடத்திலும் தேவைப்படாது. எந்த மென்பொருளாவது அதைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பைத்தான் அல்லது டைப்ஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஆர்பிசி சேவையில் (செயினிடம் கேட்டுத் தரவைப் பெற்றுத் தரும் சேவை) கணக்கு வேண்டும். டூல்களை அழைக்கத் தெரிந்த ஏதாவது ஒரு மாடல் வேண்டும். அவ்வளவு போதும்.

படி 1: கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

கோடில் கை வைக்கும் முன்னால், ஏஜெண்டிடம் நீங்கள் உண்மையில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘இப்போது எல்லா வாலட்டிலும் சேர்த்து எவ்வளவு யுஎஸ்டிசி இருக்கிறது?’ என்பது ஒரு வகை. ‘ஜூன் மாதம் என்னென்ன வந்தது?’ என்பது இன்னொரு வகை. ‘அது வந்த நாளில் ரூபாயில் எவ்வளவு?’ என்பது மூன்றாவது. இப்போதைய நிலை, பழைய வரலாறு, விலை என்று மூன்றுக்கும் தரவு வரும் இடம் வேறு வேறு. இதைப் பிரித்து வைக்காமல் ஒரு பெரிய ஏபிஐயைத் தூக்கி மாடலின் கையில் கொடுப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

படி 2: செயின் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள்

இதில் நேரம் செலவழித்தால் பின்னால் பெரிய தொல்லை வராது. ஒரு ஜேசன் கோப்பில் ஒவ்வொரு செயினுக்கும் ஒரு பதிவு போடுங்கள்: பெயர், செயின் ஐடி, அந்தச் செயினின் சொந்தக் காயின், அதன் தசம இடங்கள், நீங்கள் கணக்கில் எடுக்கும் டோக்கன்களின் காண்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) முகவரிகள், ஆர்பிசி முகவரிகள் குறைந்தது இரண்டு.

எதேரியத்தின் செயின் ஐடி 1. பாலிகான் 137, பேஸ் 8453, ஆர்பிட்ரம் ஒன் 42161, பிஎன்பி செயின் 56. எதேரியம் வழியில் வந்த இந்தச் செயின்கள் எல்லாவற்றிலும் உங்கள் வாலட் முகவரி ஒன்றேதான். கதவு எண் 12 கோட்டாறிலும் உண்டு, வடசேரியிலும் உண்டு. தெருப் பெயர் இல்லாமல் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் ஏஜெண்டின் எந்த டூலும் முகவரியை மட்டும் வாங்கக் கூடாது. செயினையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முகவரி ஒன்றாக இருப்பதால் அங்கே இருக்கும் வாலட்டும் உங்களுடையதுதான் என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. சாதாரண வாலட் என்றால் சரி. சேஃப் மாதிரியான காண்ட்ராக்ட் வாலட் என்றால் ஒவ்வொரு செயினிலும் தனித்தனியாக நிறுவியிருக்க வேண்டும். 2022-இல் ஆப்டிமிசம் என்ற செயினின் தரப்பு, கிரிப்டோ வர்த்தகம் செய்யும் வின்டர்மியூட் நிறுவனத்துக்கு 2 கோடி ஓபி டோக்கன்களை அனுப்பியது இப்படித்தான் சிக்கலானது. அந்த முகவரி எதேரியத்தில் அவர்களுடைய சேஃப். ஆப்டிமிசத்தில் அங்கே எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை. வேறொருவர் முந்திக்கொண்டு அங்கே வாலட்டை நிறுவி டோக்கன்களைக் கைப்பற்றினார்.

அடுத்து டோக்கன்கள். ‘யுஎஸ்டிசி’ என்ற பெயரை நம்பாதீர்கள், காண்ட்ராக்ட் முகவரியை மட்டும் நம்புங்கள். பாலிகானில் இரண்டு யுஎஸ்டிசி உண்டு. ஒன்று எதேரியத்திலிருந்து பிரிட்ஜ் (செயின்களுக்கு இடையே டோக்கனைக் கொண்டுசெல்லும் அமைப்பு) வழியாக வந்த பழையது, யுஎஸ்டிசி.இ என்று குறிப்பிடுவார்கள். மற்றது 2023 அக்டோபரில் சர்க்கிள் நிறுவனம் நேரடியாக வெளியிட்டது. இரண்டும் வேறு வேறு காண்ட்ராக்ட். ஒன்றை மட்டும் பட்டியலில் போட்டால், வாடிக்கையாளர் மற்றதில் அனுப்பிய பணம் ‘வரவில்லை’ என்று ஏஜெண்ட் அடித்துச் சொல்லும்.

தசம இடங்களையும் செயின் வாரியாகவே எழுதுங்கள். எதேரியம், பாலிகான், பேஸ் மூன்றிலும் யுஎஸ்டிசிக்கு 6 தசம இடம். பிஎன்பி செயினில் இருக்கும் பைனான்ஸ்-பெக் யுஎஸ்டிசிக்கும் யுஎஸ்டிடிக்கும் 18. செயினில் தொகை புள்ளியில்லாத முழு எண்ணாகவே பதியும், அதனால் 1250 யுஎஸ்டிசி என்பது பேஸில் 1250000000 என்று வரும். பிஎன்பி செயினில் அதே தொகைக்குப் பின்னால் இன்னும் 12 பூஜ்யம் சேர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் 6 தசம இடம் என்றே எடுத்துக்கொள்ளும் கோடு எழுதியிருந்தால், ஒரே நாளில் குழுவுக்குக் கோடி கோடியாகப் பணம் வந்ததாகத் தாளில் இருக்கும்.

படி 3: தரவு எங்கிருந்து?

இப்போதைய இருப்புக்கு ஆர்பிசி நோடு (செயினின் நகலை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்) போதும். சொந்தக் காயினுக்கு ‘ஈத்_கெட்பேலன்ஸ்’, டோக்கனுக்கு ‘ஈத்_கால்’ வழியாக காண்ட்ராக்டின் ‘பேலன்ஸ்ஆஃப்’. பல டோக்கன்களை ஒரே அழைப்பில் கேட்க மல்டிகால்3 காண்ட்ராக்டைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான எதேரியம் வகைச் செயின்களில் அது ஒரே முகவரியில் இருக்கிறது.

வரலாறு என்று வந்தால் கதை வேறு. டோக்கன் பரிமாற்றம் ஒவ்வொன்றும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற நிகழ்வை லாகில் (செயினின் நிகழ்வுப் பதிவில்) பதிகிறது. ‘ஈத்_கெட்லாக்ஸ்’ அழைப்பில் பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியை வடிகட்டியாகக் கொடுத்தால் வரவுகள் மட்டும் கிடைக்கும். ஆனால் ஒரே அழைப்பில் எத்தனை பிளாக்குகள் (பரிவர்த்தனைகளின் தொகுப்புகள்) வரை தேடலாம் என்பதற்கு ஒவ்வொரு ஆர்பிசி சேவையும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மாதத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டித்தான் கேட்க வேண்டும். எதேரியத்திலும் பேஸிலும் சொந்தக் காயினான ஈத்தர் நேரடியாகக் கைமாறினால் லாகில் எதுவுமே பதியாது என்பதையும் மறக்க வேண்டாம். காண்ட்ராக்டுக்கு உள்ளிருந்து வரும் ஈத்தரும் அப்படியே. லாகை மட்டும் நம்பினால் அந்த வரவுகள் காணாமலே போகும்.

அதனால் வரலாற்றுக்கு இண்டெக்ஸ் செய்து வைத்திருக்கும் சேவையை எடுப்பது நல்லது. ஈத்தர்ஸ்கேனின் இரண்டாம் பதிப்பு ஏபிஐயில் ஒரே கீயை வைத்துக்கொண்டு செயின் ஐடியை மாற்றி மாற்றிப் பல செயின்களைக் கேட்கலாம். ஆல்கெமி, குவிக்நோடு போன்றவையும் இதற்கென ஏபிஐ தருகின்றன. சிறு குழுவுக்குச் சொந்தமாக நோடு ஓட்டுவது தேவையில்லாத செலவு என்பது என் அபிப்பிராயம். பழைய தேதியின் இருப்பு வேண்டுமென்றால், பழைய நிலைகளையும் சேமித்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடு தேவை. அதைச் சேவையிடம் கேட்டு வாங்கிவிடலாம்.

விலைக்கு ஒரு வார்த்தை. யுஎஸ்டிசி என்றால் எப்போதும் ஒரு டாலர் என்று கோடில் எழுதிவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அது 90 சென்டுக்கும் கீழே இறங்கியது. டாலருக்கு ரூபாய் எந்த விகிதத்தில் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, அதே மூலத்தை எல்லா மாதமும் பயன்படுத்துங்கள்.

படி 4: எதேரியம் குடும்பத்தில் இல்லாதவை

டிரான் முகவரி ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். டிரான்கிரிட் ஏபிஐயில் ஒரு முகவரிக்கு வந்த டிஆர்சி-20 (டிரானின் டோக்கன் வகை) பரிமாற்றங்களை நேரடியாகவே கேட்கலாம், உறுதியானவை மட்டும் போதும் என்றும் சொல்லலாம். நேரத்தை மட்டும் கவனியுங்கள்: எதேரியம் வகைச் செயின்கள் நேரத்தை நொடியில் தருகின்றன, டிரான் மில்லிநொடியில் தருகிறது.

சொலானாவில் வேறு ஒரு பிரச்சினை. அங்கே உங்கள் யுஎஸ்டிசி வாலட் முகவரியில் இருப்பதில்லை. அந்த டோக்கனுக்கென்று உள்ள தனி டோக்கன் கணக்கில் இருக்கிறது, வாலட் அதற்கு உரிமையாளர். வாலட் முகவரியை வைத்துப் பரிவர்த்தனைப் பட்டியல் கேட்டால் பல வரவுகள் விட்டுப்போகும். முதலில் உரிமையாளரின் டோக்கன் கணக்குகளைக் கேளுங்கள். அப்புறம் அந்தக் கணக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் முன்பிருந்த இருப்புக்கும் பின்பிருந்த இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அதுதான் வரவு.

பிட்காயினில் கணக்கு என்ற அமைப்பே இல்லை, செலவாகாத வெளியீடுகளின் (வந்து இன்னும் செலவிடாத தொகைகளின்) தொகுப்புதான் இருப்பு. ஒவ்வொரு முறையும் புது முகவரி கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால், ஒரு முகவரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது.

படி 5: டூல்களை எழுதுங்கள்

ஏஜெண்டோடு இணைக்க எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பொது நெறிமுறையைப் பயன்படுத்தலாம். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது, இன்று பல ஏஐ மென்பொருள்கள் இதை ஏற்கின்றன. ஒரு முறை எம்சிபி சர்வர் எழுதிவிட்டால், மாடலை மாற்றினாலும் டூல்களை மறுபடி எழுத வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் சர்வர் போதும், இணையத்தில் வைக்க வேண்டியதில்லை.

எனக்குச் சரியெனப் படுவது நான்கு டூல்கள்: இருப்பைப் பார், வரவுகளைப் பட்டியலிடு, கூட்டு, ரூபாயில் மாற்று. ஆர்பிசியின் எந்த அழைப்பையும் மாடலே எழுதி அனுப்பும்படியான பொதுவான டூல் ஒன்று வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். மாடல் ஹெக்ஸ் எண்களோடு மல்லுக்கட்டும், ஒரு எழுத்து பிசகினால் வேறு பதில் வரும்.

டூலின் விளக்கம் மாடல் படிப்பதற்காக எழுதப்படுவது, அதனால் அதில் சிக்கனம் வேண்டாம். வரவுப் பட்டியல் டூலுக்கு இப்படி எழுதலாம்: ‘ஒரு செயினில், ஒரு வாலட்டுக்கு, இரண்டு இந்திய நேரத் தேதிகளுக்கு இடையே வந்த டோக்கன் வரவுகளைத் தரும். செயின் பெயர் பட்டியலில் உள்ளவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத டோக்கன்கள் வராது. பல செயின்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாக அழைக்கவும். தொகைகளை நீயாகக் கூட்டாதே, கூட்டு டூலை அழை.’ கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம்.

திரும்பி வரும் பதிலின் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

செயின்: பேஸ் (8453)
டோக்கன்: யுஎஸ்டிசி, பட்டியலில் உள்ள காண்ட்ராக்ட்
மூலத்தொகை: "1250000000"
தொகை: "1250.000000"
பிளாக்: 28329277
உலக நேரம்: 2025-03-31 19:05:01
இந்திய நேரம்: 2025-04-01 00:35:01
நிலை: உறுதியானது

தொகைகள் மேற்கோள் குறிக்குள் இருப்பதைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் பிசகாமல் நிற்கும். ஒரு ஈத்தர் என்பது ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு). 0.01 ஈத்தரே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. டைப்ஸ்கிரிப்டில் பிக்இண்ட், பைத்தானில் டெசிமல் என்று வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும்போது எழுத்துச் சரமாகவே அனுப்புங்கள்.

அந்த மாதிரியில் இருக்கும் இரண்டு நேரங்களையும் பாருங்கள். பிளாக்கில் பதிவது உலக நேரம். நியூயார்க்கில் மார்ச் 31 மத்தியானம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அனுப்பியது, நாகர்கோவிலில் ஏப்ரல் 1 நள்ளிரவு தாண்டி வந்து சேர்கிறது. இது போன நிதியாண்டின் வரவா, இந்த நிதியாண்டின் வரவா? ‘தம்பி, இது மார்ச்சுல சேருமா ஏப்ரல்ல சேருமா?’ என்று ஆடிட்டர் கேட்கும்போது, ‘ரெண்டு நேரமும் தாள்ல இருக்கு சார்’ என்று சொல்ல முடிந்தால் போதும். முடிவை அவர் பார்த்துக்கொள்வார். மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளைக் கைமாற்றுவதில் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் வந்தது. பின்னால் விற்கும்போது, வாங்கிய நாளும் அன்றைய மதிப்பும் ஒவ்வொரு வரவுக்கும் தனித்தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

படி 6: எப்போது ‘வந்துவிட்டது’ என்று சொல்லலாம்?

புதிதாக வந்த பிளாக் சில சமயம் மாறிப்போகலாம். எதேரியத்தில் 12 நொடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான இடம்), 32 ஸ்லாட் ஒரு எபோக். இரண்டு எபோக் கடந்து, ஏறத்தாழ 13 நிமிடத்தில் பிளாக் இறுதியாகிறது. ஆர்பிசியில் ‘லேட்டஸ்ட்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபைனலைஸ்டு’ என்று கேட்டால் இறுதியானது மட்டும் வரும். பேஸில் அது எதேரியத்தைச் சார்ந்தது, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். சொலானாவிலும் இதே பெயரில் ஒரு நிலை உண்டு. பிட்காயினில் 6 பிளாக் வரை காத்திருப்பது பழக்கம்.

மாதாந்திரக் கணக்குக்கு இறுதியானதை மட்டும் எடுங்கள். ‘பணம் வந்துவிட்டதா?’ என்று அவசரமாகக் கேட்கும்போது புதியதையும் காட்டலாம், ஆனால் நிலை என்ற இடத்தில் ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று வர வேண்டும்.

படி 7: செயினிலிருந்து வரும் எழுத்துகளை நம்பாதீர்கள்

பிளாக்செயின் எல்லோரும் எழுதக்கூடிய இடம். ஒரு டோக்கனுக்குப் பெயர் வைப்பது அதை உருவாக்கியவரின் இஷ்டம். ‘உன் பரிசு காத்திருக்கிறது, இந்த முகவரிக்கு அனுப்பு’ என்றே ஒரு டோக்கனுக்குப் பெயர் வைத்து ஆயிரம் வாலட்டுகளுக்குள் தள்ளிவிடலாம். மனிதன் பார்த்தால் குப்பை என்று ஒதுக்குவான். ஏஜெண்டுக்கு அது படிக்கக் கொடுத்த வாக்கியம், சில சமயம் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுக்கப் படிக்க மட்டும் அனுமதி என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். பணம் அனுப்பும் டூலே இல்லாத ஏஜெண்டை எவ்வளவு ஏமாற்றினாலும் பணம் போகாது.

படி 2-இல் போட்ட டோக்கன் பட்டியல் இங்கே காப்பாற்றும். பட்டியலில் இல்லாத காண்ட்ராக்டின் பெயர் மாடலிடம் போகவே கூடாது. ‘பட்டியலில் இல்லாத 14 டோக்கன்கள் விடப்பட்டன’ என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். மெமோ (அனுப்புபவர் எழுதும் குறிப்பு) போன்ற திறந்த எழுத்துகளையும் வெட்டி எறியுங்கள்.

இன்னொன்று, முகவரி விஷமாக்கல். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் கொண்ட முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையை உங்களுக்கு அனுப்பி வரலாற்றில் நுழைந்துகொள்வார்கள். 2024 மே மாதம் இப்படி ஏமாந்த ஒருவர் 1155 ரேப்ட் பிட்காயினை (எதேரியத்தில் பிட்காயினைக் குறிக்கும் டோக்கன்) தவறான முகவரிக்கு அனுப்பினார். பெரும்பகுதி பின்னால் திரும்பக் கிடைத்தது. பூஜ்யத் தொகை வரவுகளை டூலிலேயே தள்ளிவிடுங்கள். முகவரிகளை நடுவில் புள்ளி வைத்துச் சுருக்காமல் முழுதாகக் காட்டுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை உங்கள் பட்டியலில் பதிந்து, டூலே பெயரோடு பொருத்தித் தரட்டும்.

படி 8: கிடைக்காததைப் பூஜ்யம் என்று சொல்ல விடாதீர்கள்

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் ஃபைபர் அறுந்து விழும், நவம்பரிலும் விழும். நான்கு செயினில் மூன்று பதில் தந்து, ஒன்று நேரம் முடிந்து நின்றுவிட்டால் ஏஜெண்ட் என்ன சொல்லும்? டூல் காலிப் பட்டியலைத் திருப்பினால், ‘டிரானில் இந்த மாதம் வரவு இல்லை’ என்று சொல்லிவிடும். துபாய் வாடிக்கையாளருக்கு ஒரு கோபமான மெசேஜ் போய்விடும்.

ஆகவே டூலின் பதிலில் மூன்று நிலை தனித்தனியாக இருக்க வேண்டும்: தேடியதில் வரவு உண்டு; முழுதாகத் தேடியும் வரவு இல்லை; தேட முடியவில்லை. மூன்றாவது வந்தால் கூட்டு டூல் மொத்தத் தொகையைத் தரவே கூடாது. ‘டிரான் விடுபட்டுள்ளது, மொத்தம் முழுமையல்ல’ என்று மறுக்க வேண்டும். முதல் ஆர்பிசி பதில் தராவிட்டால் இரண்டாவதற்குப் போகட்டும். பக்கம் பக்கமாக வரும் ஏபிஐ என்றால் கடைசிப் பக்கம் வரை போனதா என்பதையும் டூல்தான் சரிபார்க்க வேண்டும். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று சொல்லும் டூல் ரொம்ப ஆபத்தானது.

ஆர்பிசி கீயைப் ப்ராம்ப்டில் எழுதாதீர்கள், சர்வரின் சூழல் மாறியில் வையுங்கள். குழுவின் எல்லா வாலட் முகவரிகளையும் ஒரே சேவையிடம் கேட்கும்போது, அவை ஒரே ஆட்களுடையவை என்று அந்தச் சேவைக்குத் தெரிந்துவிடும். இது உங்களுக்கு உறுத்தினால் செயினுக்கு ஒரு சேவை என்று பிரித்துக்கொள்ளலாம்.

படி 9: கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்

ஏற்கெனவே ஆடிட்டர் பார்த்து முடித்த ஒரு மாதத்தை எடுங்கள். அதே மாதத்தை ஏஜெண்டிடம் கேளுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு வரவு விட்டுப்போய் இன்னொன்று இரண்டு முறை வந்தாலும் மொத்தம் சரியாகவே தெரியலாம்.

அப்புறம் வேண்டுமென்றே குறும்பான கேள்விகளைக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத செயினின் இருப்பைக் கேளுங்கள். தெரியாது என்று சொல்ல வேண்டும். ஆர்பிசி முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மொத்தம் கேளுங்கள்; தர மறுக்க வேண்டும். சொலானா முகவரியைப் பேஸ் செயினில் கேளுங்கள். பாலிகான் வரவுகளைச் செயின் பெயர் சொல்லாமல் கேளுங்கள். ஊகிக்காமல் எந்தச் செயின் என்று திருப்பிக் கேட்க வேண்டும். வெட்டிவிட வேண்டிய பெயர் கொண்ட போலி டோக்கன் ஒன்றைச் சோதனை நெட்வொர்க்கில் உருவாக்கி உங்கள் வாலட்டுக்கே அனுப்பிப் பாருங்கள். எதேரியத்தின் சோதனை நெட்வொர்க்கான செபோலியாவில் இதற்குச் செலவில்லை.

இந்தச் சோதனைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மாடலை மாற்றும்போதும் புதுச் செயின் சேர்க்கும்போதும் மறுபடி ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குக் கையால் போடும் தாளையும் கூடவே போட்டு வாருங்கள். இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போன பிறகு ஏஜெண்டின் தாளை ஆடிட்டருக்கு அனுப்பலாம், ஒவ்வொரு வரியிலும் பிளாக் எண்ணும் பரிவர்த்தனை ஹாஷும் (பரிவர்த்தனையின் அடையாளக் குறி) இருக்கும்படி.